ஒரே சானலில் இரண்டு முழுக்கு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போகிறவர்கள். மீதிப் பேர் நெற்றியில் திருநீறு இடுகிறவர்கள். இரண்டு தரப்புக்கும் அக்கா சொந்தம். அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் அவரைப் பற்றி எழுதும்படி அவருடைய பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். "மாமா, நீங்க பேப்பர்ல இருந்தவங்க. நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்றார்கள். பிறர் எழுதியதில் மிகையை வெட்டுவதே என் வேலையாக இருந்தது. அக்காவுக்கும் மிகை பிடிக்காது. ஆகவே நான் பார்த்ததையும், பார்த்தவர்கள் வாயால் கேட்டதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அக்கா தோவாளையில் பிறந்தார். அன்று எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. அப்பா பூ விவசாயி. சொந்த நிலத்தில் பிச்சியும் அரளியும் துளசியும், குத்தகை நிலத்தில் கேந்தியும் போட்டிருந்தார். விடியுமுன் பறித்து, ஈரச் சாக்கில் பொதிந்து சந்தைக்குக் கொண்டுபோனால், வெயில் ஏறுவதற்குள் அந்தப் பூ சுற்றுவட்டாரக் கோயில்களுக்கும் திருவனந்தபுரம் வண்டிக்கும் போய்விடும். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவர். நான் அவருக்கு இரண்டு வயது இளையவன். வெகுநாள் கழித்துத் தங்கை பிறந்தாள். அப்பாவின் மூத்த சகோதரியான எங்கள் அத்தையும், கணவரை இழந்தபின், எங்களோடுதான் இருந்தார். அத்தையின் வாய்க்கு அப்பா உட்பட ஊரே கொஞ்சம் ஒதுங்கிப் போகும்.

கோயிலுக்குப் போகும் மாலைகளை அக்காதான் கட்டுவார். வாங்க வருகிறவர்கள், "மூத்தவ கெட்டினதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் எடுப்பார்கள். அப்படிக் கேட்கும்போது அப்பா முகத்தில் வரும் சிரிப்பை அவர் மறைக்க முயன்று நான் பார்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் பூ முழுவதும் செடியிலேயே அழுகிப்போயிற்று. வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான். அந்த நிலையிலும் அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டும் என்று அப்பா சொல்லவில்லை. பெண்பிள்ளையை இவ்வளவு படிக்க வைப்பானேன் என்று கேட்டவர்களிடம், "படிக்காளே, படிக்கட்டும்" என்பார். அதற்கு மேல் விளக்கம் இருக்காது.

அக்கா படித்தது நாகர்கோவிலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில். வேதபாட வகுப்பு அங்கே எல்லோருக்கும் உண்டு. மற்ற பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டு மறந்தார்கள். அக்கா மறக்கவில்லை. வகுப்பெடுத்த டீச்சர் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவர். ஓலைக் கொட்டகையில் கூடும் சபை. பெரியவர்களான பிறகு, தாங்களாக விரும்பி, தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெறுவது அவர்கள் வழக்கம். வெள்ளை உடுத்துவார்கள். நகை போடமாட்டார்கள். பெண்கள் தலையில் பூ வைக்கமாட்டார்கள்.

கடைசியாகச் சொன்னது, தோவாளையில் பூக்காரர் வீட்டில் பிறந்த ஒரு பெண்ணுக்கு எப்படிப்பட்ட விஷயம் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எதனால் அந்தச் சபையில் சேரும் முடிவுக்கு வந்தாய் என்று நான் பல வயதுகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். கனவு, தரிசனம், நோய் குணமானது என்று ஏதாவது ஒன்றை எதிர்பார்த்தே கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வந்தது. "படிச்சேன், யோசிச்சேன். பொய்யின்னு தோணல்ல. அவ்வளவுதாம்லே." என் தொழிலில் ஒரு செய்தியைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக உயர்ந்த சான்று அது.

நாடு விடுதலை பெற்ற ஆண்டில் அக்கா படிப்பை முடித்தார். சபையில் சேரும் முடிவை வீட்டில் யாரும் வெளியார் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அப்பா சாக்கில் பொதிந்த பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது நேரே போய் நின்றார்.

"அப்பா, நான் வேதத்துல சேரப் போறேன்."

அப்பா தெளிப்பதை நிறுத்தவில்லை. "யாரு சொல்லித் தந்தா?"

"யாரும் இல்ல. நானாத்தான்."

"எவனயும் பாத்து வச்சிருக்கியா?"

"இல்லப்பா."

அப்படி ஒருவன் இருந்திருந்தால் அப்பாவுக்கு அது எளிதாக இருந்திருக்கும். அவனோடு சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட ஆள் இல்லாததுதான் அவரை வருத்தியது. போனால் திரும்பி இந்தப் படி ஏறக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

மறைவாக நாகர்கோவிலிலேயே ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஒளித்துச் செய்தால் தப்புச் செய்தது போல ஆகிவிடும், எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டார். மழை விட்டு, ஊர்ப் பாசனக் கால்வாயான சானலில் தண்ணீர் நிறைந்து ஓடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊருக்கு மேற்கே சானல் வளையும் இடத்தில் சபையார் சிலர் பாடிக்கொண்டு நின்றார்கள். நான் கரையில் நின்றேன். போதகர் கேட்ட கேள்விகளுக்கு அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார். தண்ணீருக்குள் போனார். எழுந்தபோது கூந்தல் அவிழ்ந்து முகத்தை மூடியிருந்தது. ஒரு கையால் ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. நான் திரும்பியபோது அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு எதிரே சானலின் படித்துறையில் இறங்கிக்கொண்டிருந்தார். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைமுழுகுவது எங்கள் வழக்கம். உயிரோடு இருப்பவருக்காக ஒருவர் முழுகினால், அவரைச் செத்தவராக எண்ணிவிட்டார் என்று பொருள். தெருவே பார்த்து நிற்க, அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று முழுகி எழுந்தார். "இன்னையிலருந்து எனக்கு மக்க ரெண்டு பேருதான்" என்றார்.

அத்தைதான் பேசினார். "ஏலே, அவ மேக்க முழுகின தண்ணிதான் இங்கண இறங்கி வருகு. அதுலயே போயி விழுந்துட்டு, நீ யாரைடே தலைமுழுகினே?"

தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அப்பாவை இறுக்கியது என்று நினைக்கிறேன். அத்தை வாயை மூடியிருந்தால் சில மாதங்களில் அவர் இறங்கி வந்திருக்கக்கூடும். ஈரத் துண்டோடு வீட்டுக்குள் போனவர், அக்கா புறப்படுமுன் கட்டிவைத்திருந்த மாலையைக் கோயிலுக்கு அனுப்ப வேண்டாம் என்றார். அம்மா அதை எடுத்து வாசல் நிலையில் மாட்டினார். "அவரு முழுகினது அவருக்கு. நான் முழுகல்ல" என்று என்னிடம் சொன்னார். எங்கள் அம்மா கணவருக்கு எதிராகப் பேசிய வார்த்தை என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதையும் அப்பாவுக்குக் கேட்காமல் சொன்னார்.

அக்கா டீச்சர் வீட்டில் தங்கி ஆசிரியைப் பயிற்சி முடித்தார். வட்டக்கோட்டைக்குப் போகும் வழியில், கடற்கரையை ஒட்டிய ஒரு சிறிய பள்ளியில் வேலை கிடைத்தது. உப்புத் தண்ணீர்க் கிணறு, ஓட்டு வீடு, தனி வாழ்க்கை. சம்பளம் தாமதமாக வரும். சபையாரின் உதவி இல்லாமல் அந்தக் காலத்தைக் கடந்திருக்க முடியாது என்று அக்கா பின்னாளில் சொல்வார்.

விடுமுறை நாட்களில் அவர் பஸ் ஏறித் தோவாளைக்கு வருவார். வீட்டுப் படி ஏறக் கூடாது என்றுதானே சொன்னார்? சந்தைக்கு வரக் கூடாது என்று சொல்லவில்லையே. அப்பா பூ விற்கும் இடத்துக்கு வந்து, "அப்பா, வந்தேன்" என்பார். அப்பா வேறு பக்கம் பார்ப்பார். அக்கா ஓரமாக நின்று அம்மாவைப் பற்றியும் தங்கையைப் பற்றியும் என்னிடம் விசாரிப்பார். பஸ் வந்ததும், "அப்பா, போயிட்டு வாறேன்" என்பார். பதில் இருக்காது. வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, பூவில்லாத தலை. சுற்றிலும் பூக்குவியல். சந்தைக்கு வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சிலர் காதுபடக் கேலி பேசுவார்கள். "பூக்காரம் மவளுக்கு ஒரு முழம் பூவுக்கு வழியில்ல" என்று ஒருவன் சொன்னபோது அக்காவே சிரித்துவிட்டார். அடுத்த விடுமுறைக்கு மறுபடி வந்தார்.

இப்படியே ஆண்டுகள் போயின. பெருமழை அடித்த ஒரு நாள், பஸ் வரும் சத்தம் கேட்டு அக்கா அவசரமாக, "அப்பா, போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அப்பா பூவைச் சாக்கால் மூடும் பரபரப்பில், தலை நிமிராமல், "வழுக்கும், பாத்துப் போ" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அத்தை அன்று சந்தைக்கு வந்திருந்தது அப்பாவின் கெட்ட நேரம். "செத்தவளுக்குமா வழுக்கும்?" என்றார். அக்கா பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து கடைசிவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இடையில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அத்தான் அதே சபையைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர், அமைதியான மனிதர். எங்கள் வீட்டிலிருந்து போனது நானும் அத்தையும்தான். கொட்டகையில் ஒரு பூ இல்லாததைச் சுற்றிப் பார்த்த அத்தை, "உப்பளத்துக்காரன் வீட்டுல உப்பில்லாத கஞ்சி குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். ஆனால் பெண்ணின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும் நேரம் வந்தபோது முதலில் எழுந்து போனவரும் அவர்தான்.

எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்த ஆண்டு வந்தது. நான் அப்போது ஒரு பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளும் பொழுதும் எல்லை, இணைப்பு என்றே அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே ஆண்டில்தான் தங்கைக்குச் சுசீந்திரம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், நல்ல பையன். தங்கைக்குப் பிடித்திருந்தது. ஆனால் பையனின் தாய்மாமன் அக்காவைப் பற்றி விசாரித்திருந்தார். அவர் அப்பாவிடம் வந்து நயமாகத்தான் பேசினார். மூத்தவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார். கல்யாணத்தன்று தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ வைத்து முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும், ஊர் வாய் அடங்கிவிடும் என்றார்.

மறுநாள் அப்பா தானே பறித்த பிச்சியை வாழையிலையில் பொதிந்து என் கையில் தந்தார். "அவகிட்ட குடு. விஷயத்தச் சொல்லு" என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் தலைமுழுகிய நாளுக்குப் பின் அப்பா அக்காவுக்குக் கொடுத்தனுப்பிய முதல் பொருள் அந்தப் பூதான்.

அக்கா பொதியைப் பிரித்தார். முகத்தருகே வைத்து நெடுநேரம் மூச்சை இழுத்தார். "அப்பா பறிச்சதாலே?" என்று கேட்டார். காம்பு ஒடியாமல் பறிப்பதில் அப்பாவின் கை தனி. பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு முழம் பூதானே, சாமி கும்பிடச் சொல்லவில்லையே, ஒரு நாள்தானே என்றும் சொன்னேன்.

"பூவுல ஒண்ணும் இல்லலே" என்றார் அக்கா. "பூ வச்சா, மூத்தவ திரும்பி வந்துட்டான்னு அங்க சொல்லுவாங்க. அதுக்குத்தான் வைக்கச் சொல்லுதாங்க. நான் திரும்பி வரல்ல. பின்ன அது பொய்யில்லா?"

"தங்கச்சி கலியாணம் நின்னா?"

அக்காவின் கண் கலங்கியதைப் பார்த்தேன். "நின்னா பழி எனக்குத்தான். அத அவகிட்ட நானே சொல்லணும்" என்றவர், புடவையை மாற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

அன்றுதான் அக்கா அந்த வீட்டுப் படியில் மறுபடி கால் வைத்தார். அப்பா முற்றத்தில் நின்றார், தடுக்கவில்லை. அக்கா நேரே தங்கையிடம் போய், தன்னால் பூ வைக்க முடியாது என்பதையும், அதனால் என்ன நடக்கலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நீ பூ வைக்காண்டாம். கலியாணத்துக்கு வராம இருந்தீன்னாதான் நான் உங்கிட்ட மிண்டமாட்டேன், பேச்சே கிடையாது" என்றாள். அக்கா வெளியே வந்து பொதியை அப்பா முன்னால் வைத்தார். "இது வாடிரும்பா. சந்தைக்கு அனுப்பிருங்க" என்றார். அப்பா பொதியைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை.

நிச்சயத்துக்கு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் வீட்டில் கூடினார்கள். அக்கா உள்ளறையில் தங்கையோடு இருந்தார். தாம்பூலம் மாற்றுவதற்கு முன் பையனின் தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பூ விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"வைக்க மாட்டாளாம்" என்றார் அப்பா.

"சரி வே. வைக்காண்டாம். நீருதான் அவளத் தலைமுழுகினேரே. அவ எம் மவ இல்லன்னு இந்தச் சபையில ஒரு வார்த்த சொல்லும். எங்களுக்கு அது போதும்."

அந்த இடத்தை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் கெட்டவர் அல்ல. அவர் கேட்டதும் புதிதல்ல. அப்பா பல ஆண்டுகளாகத் தாமே சொல்லிவந்த வார்த்தைதான். இன்னொரு முறை சொன்னால் தங்கையின் கல்யாணம் நடக்கும். அக்கா கதவுக்குப் பின்னால் நிற்பது அப்பாவுக்குத் தெரியும். எனக்கு அவருடைய கைகள் மட்டும் தெரிந்தன. வேட்டி மடிப்பைப் பிடித்திருந்தார்.

"முழுகினேன்" என்றார் அப்பா. "ஊரே பாத்துது. முழுகினவன் அங்கணயே கிடப்பானா வே? எந்திரிச்சு வரல்லியா?"

அப்பா குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். "எனக்கு மக்க மூணு பேரு. மூத்தவ பூ வைக்க மாட்டா. பொய்யும் சொல்ல மாட்டா. நீங்க கேக்கது அவளுக்கு இளையவள. வேணும்னா தாம்பூலத்த எடும்."

தாய்மாமன் எழுந்துவிட்டார். அவரோடு இரண்டொருவர் எழுந்தார்கள். பேசியது பையனின் அம்மாதான். பெண்கள் பக்கத்திலிருந்து தன் அண்ணனை விளித்து, "பொய் சொல்லாத வீட்டுல பொண்ணெடுக்காண்டாம்னா பின்ன எந்த வீட்டுல எடுக்க? இரிங்கண்ணே" என்றார். தாய்மாமன் உட்கார்ந்தார். தட்டு மாறியது. அத்தை அன்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

விருந்தினர் போன பிறகு அக்கா என்னைத் தனியே அழைத்தார். முகம் மலர்ந்திருந்தது. "அப்பா என்ன சொன்னார்னு அவருக்கே தெரியாது. முழுகினவன் எந்திரிச்சு வரணும், அதுக்குத்தான் முழுகுகது. எங்க சபையில ஞானஸ்நானத்துக்கு அர்த்தம் அதுதாம்லே" என்றார். அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லிராதே. சொன்ன வார்த்தையத் திரும்ப எடுத்துக்கிடுவாரு."

நான் அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. இப்போதுதான் வெளியிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல், பூக்கூடைகளுக்கு நடுவே அப்பா வாழைநாரைக் கிழித்துக்கொண்டிருந்தார். அக்கா வந்து நின்றதும் நாரில் பாதியை நீட்டினார். "கெட்டத் தெரியுமா, மறந்துட்டியா?" என்றார். அக்கா உட்கார்ந்தார். மணமாலை இரண்டையும் அவரே கட்டினார். மறுநாள் எடுத்த புகைப்படம் இந்த மலரின் பின்னட்டையில் இருக்கிறது. எல்லாப் பெண்களின் தலையிலும் பூ இருக்கிறது. முன்வரிசையில், அப்பாவுக்கு வலப்புறம் வெறுந்தலையோடு நிற்பவர்தான் அக்கா. அவர் கட்டிய மாலைகள் மணமக்கள் கழுத்தில் இருக்கின்றன.

அதன் பிறகு அப்பா வாழ்ந்த காலமெல்லாம் கோயிலுக்குப் பூக் கொடுத்தார். அக்கா ஞாயிறுதோறும் தம் சபைக்குப் போனார். ஒருவரை ஒருவர் மாற்ற இருவரும் முயலவில்லை. அக்கா கடலோரப் பள்ளியில் தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றார். அங்கே மீனவர் வீட்டுப் பெண்பிள்ளைகள் பலர் படிப்பை விடாமல் காத்தார். அத்தானை இழந்த துயரத்தையும், மூட்டுவலியையும், பார்வை மங்கியதையும் முணுமுணுக்காமல் ஏற்றார். அப்பாவின் கடைசி நாட்களில் கஞ்சி ஊட்டியது அக்காவின் கை. கஞ்சி குடித்து முடித்ததும், "போயிட்டு வாறேன்பா" என்று அக்கா சொல்வார். "பாத்துப் போ" என்பார் அப்பா. தவறாமல் பதில் சொன்னார்.

அக்காவின் கடைசி நோய் நீளவில்லை. நினைவு தெளிவாக இருந்தது. இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு நான் பார்க்கப் போனபோது, தம்மைப் பற்றி ஏதாவது எழுதினால் பெரிதாக எழுத வேண்டாம் என்றார். எழுதினால் சரிபார்க்க நீ இருக்கமாட்டாயே என்றேன். "மேல வந்தா கேப்பேன்லா" என்றார்.

அக்காவுக்கு இரவும் பகலும் துணையிருந்த அண்டை வீட்டாருக்கும், மருத்துவருக்கும் செவிலியருக்கும், வீட்டுக்கே வந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், அவரிடம் படித்து, பேரன் பேத்திகளோடு வந்து நின்ற பழைய மாணவியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நெற்றியில் திருநீறோடு வந்து, சபையார் கடைசிப் பாட்டைப் பாடி முடிக்கும்வரை வெயிலில் நின்ற தோவாளை உறவினர்களுக்கும், பையன் வீட்டாராக வந்து இன்று எங்களில் ஒருவராகிவிட்ட சுசீந்திரத்து உறவினர்களுக்கும் தனியாக நன்றி. கல்லறைக்குப் பூ வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்ததை மதித்து, கொண்டுவந்த மாலையைக் கையிலேயே வைத்திருந்து, வழியில் கோயிலில் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கும் நன்றி.

அடக்கம் முடிந்து ஊர் திரும்பியதும் எங்கள் வழக்கப்படி நானும் தங்கையும் தலைமுழுகச் சானலுக்குப் போனோம். சானலுக்கு இப்போது சிமென்ட் கரை கட்டியிருக்கிறார்கள். படித்துறை அதே இடத்தில்தான் இருக்கிறது. மேற்கே வளைவிலிருந்து தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. இருவரும் முழுகினோம். தங்கைதான் முதலில் எழுந்தாள். முகத்தில் விழுந்த கூந்தலை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, "எந்திரிச்சு வாண்ணே" என்றாள்.

எழுந்து வந்தேன்.